மூன்றரை மில்லிமீட்டர்

அமுதவள்ளிக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை வராது. வெர்னியர் அளவுகோல் சொன்னால்தான் வரும். மலேசியாவில், கிள்ளானில் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவர். திருகாணியை எடுப்பார், துணியால் துடைப்பார், வெர்னியரின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் வைத்து எண்ணைப் படிப்பார். நல்லது ஒரு தட்டில், கெட்டது இன்னொரு தட்டில். மனிதர்களை இப்படிப் பிரிக்க வழியில்லாததால்தானோ என்னவோ, மனிதர்கள் அவருக்குப் பழகவே இல்லை. கல்யாணப் பேச்சு மூன்று முறை வாசல் வரை வந்து திரும்பிப் போனது. இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தார். ஒருவன் பெர்த்தில், ஒருவன் ஜொகூரில். தீபாவளிக்குத் தவறாமல் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பழைய வெர்னியரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பண்டமாரானில் ஒரு ஃப்ளாட், நான்காவது மாடி. ஒருத்திக்கு மட்டும் சமைப்பது போன்ற எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. ஒரு கைப்பிடி அரிசி போட்டால் பானைக்கே வெட்கமாக இருக்கும். சில நாள் சாயங்காலம் வரை வாயைத் திறக்கவே வேலை இருக்காது. லிஃப்டில் யாராவது எத்தனாவது மாடி என்று கேட்டால், தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் நாலு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இனிப்பு நீர் வியாதிக்காக டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னதில் வந்ததுதான் சைக்கிள். எதிர் வீட்டுப் பையன் வேலை கிடைத்துப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய மவுண்டன் பைக். அதைச் சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஒருநாள் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது, கடைக்காரர் சஃப்வான் வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். "ஆன்டி, நீங்க ஓட்டுறீங்களா? ஞாயித்துக்கிழமை எங்களோட வாங்களேன்."

எங்களோட என்றால் சஃப்வான், அவர் மனைவி மெஹ்ரின், வங்கியில் வேலை செய்யும் கிஷன். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காப்பாரில் கூடி, செம்பனைத் தோட்டத்து மண் பாதைகளில் இரண்டு மணி நேரம் ஓட்டுவார்கள். பிறகு தேநீர், நாசி லெமாக், ஊர்க்கதை. அமுதவள்ளி அதிகம் பேசமாட்டார். ஆனாலும் அந்த ஒரு காலையை வைத்துத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினார்.

தள்ள முடியாதது மணல்தான். மெலிந்த பழைய டயர் மணலில் வழுக்கும், அவர் இறங்கித் தள்ளுவார், மற்றவர்கள் வெயிலில் காத்திருப்பார்கள். ஒரு ஞாயிறு நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அதற்கடுத்த வாரம் அழைப்பு வரவில்லை. அதற்கும் அடுத்த வாரமும் வரவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குற்றம் டயரில் என்று தானே தீர்ப்பு எழுதிவிட்டார். அகலமான டயர் போட்டால் வழுக்காது, வழுக்காவிட்டால் யாரும் காத்திருக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாமென்றால் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். கணக்கு நேராகத்தான் இருந்தது.

பின் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் ஏறினார். பிரிக்ஃபீல்ட்ஸில் திருச்செல்வம் என்பவரின் சைக்கிள் கடை பெயர் போனது. சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்மணியை ரயிலே பார்த்தது. பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அது அவருக்குப் புதிதும் இல்லை.

"அக்கா, இந்த ரிம்முல அகல டயர் போட்டா ஆடும் லா. உள் அகலம் கம்மி," என்றார் திருச்செல்வம்.

"தெரியும். பத்தொம்பது மில்லி. அளந்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப இந்த ரெடிமேட் சக்கரத்தை எடுத்துக்கோங்க. ரிம் அகலம், எல்லாம் புது மாடல்."

"அதோட அச்சு என் ஃப்ரேம்ல உக்காராது. என்னுது நூத்து முப்பத்தஞ்சு, இது நூத்து நாப்பத்தெட்டு. என் பழைய அச்சுலயே புது ரிம் போட்டுக் கம்பி கோத்துக் குடுங்க."

திருச்செல்வம் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடக் கடையில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. "சரி, டயர் ரெண்டே கால் இன்ச் போதும்."

"டூ பாயிண்ட் ஃபோர். ஃப்ரேமுக்கு நடுவுல அறுபத்தெட்டு மில்லி இருக்கு. டயர் அறுபத்தொண்ணு. ரெண்டு பக்கமும் மூணரை மில்லி மிச்சம்."

"அது பத்தாதுக்கா. ஒரு விரல் போற இடமாவது விடணும்."

"யாரோட விரல்?"

திருச்செல்வம் தன் விரலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்து, அவர் கேட்ட டயரையே எடுக்கப் போனார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் நாலாவது காலை எங்கே காட்டுவது?

சக்கரம் தயாரானதும் வீட்டுக் கூடத்தில் வேலை நடந்தது. சைக்கிளைக் குளியலறையில் கழுவி, துடைத்து, காய வைத்தார். அகலத்துக்கு ஏற்ற புது டியூப் போட்டு டயரை ஏற்றினார். காற்றைக் கல் மாதிரி அடிக்காமல், கட்டைவிரலுக்குக் கொஞ்சம் அமுங்குகிற அளவில் விட்டார். ஆகக் குறைந்த கியரில் சங்கிலி டயரை உரசுகிறதா என்று நடுவில் காகிதத் துண்டு விட்டுப் பார்த்தார். கடைசியாக வெர்னியர். இடப் பக்கம் மூன்றரை, வலப் பக்கம் மூன்றரை. தேறிவிட்டது. படம் எடுத்து மெஹ்ரினுக்கு அனுப்பினார். கூட ஒரு எழுத்து எழுதவில்லை.

"வாவ், ஆன்டி! செம்ம டயர் லா! ஞாயிறு வாங்க," என்று உடனே பதில் வந்தது. அதை அவர் அன்று எத்தனை முறை படித்தார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமை முழுக்க மழை. ஞாயிறு காலை வெறித்திருந்தது. மணல் பகுதியில் டயர் தரையைக் கவ்விக்கொண்டு போனது. அமுதவள்ளி இறங்கவே இல்லை, கிஷனையே தாண்டிவிட்டார். "ஆன்டி, பவர் லா!" என்று பின்னாலிருந்து கிஷன் கத்தினான். அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தார்.

பாதை வாய்க்கால் ஓரமாகத் தாழ்ந்த இடத்தில்தான் களிமண் ஆரம்பித்தது. மற்றவர்களின் டயரிலும் மண் ஏறியது. அவர்களுக்கு இடம் இருந்தது, அது சுற்றிச் சுற்றித் தானே உதிர்ந்தது. அமுதவள்ளியின் டயர் அள்ளிய மண்ணுக்குப் போக இடமில்லை. அது ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவில் அப்பி, அப்பியதன்மேல் செம்பனை ஓலைச் சருகு ஒட்டி, நூறு அடி போவதற்குள் பின் சக்கரம் நின்றுவிட்டது. தொழிற்சாலையில் எதையும் துடைத்துவிட்டுத்தான் அளப்பார்கள். முப்பத்தோரு வருடப் பழக்கம். சேற்றோடு அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தள்ளிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். சக்கரம் சுற்றாமல் சறுக்கிக்கொண்டு வந்தது.

மற்ற மூவரும் அவரைத் தாண்டி முன்னால் போய்விட்டார்கள். வளைவுக்குப் பக்கத்தில் சஃப்வான் மட்டும் திரும்பிப் பார்த்தார். "ஆன்டி, ஓகேவா?"

கை பழக்கத்தில் தானாகவே பாதி உயர்ந்தது. கட்டைவிரலைக் காட்டினால் போதும், அவர்கள் போய்விடுவார்கள். காத்திருக்க வைக்கக்கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தது. பிறகு நாலு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு திரும்பலாம். வீட்டுக்குப் போய்ச் சைக்கிளைக் கழுவலாம். அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடமாட்டார்கள். நாலாவது மாடி அங்கேயேதான் இருக்கும். நினைத்ததும் அவருக்குப் பயம் வந்தது, நிஜமான பயம்.

"ஓகே இல்ல!" என்று கத்தினார். இயந்திரச் சத்தத்தைத் தாண்டிக் கத்திப் பழகிய குரல், தோட்டத்துக்கே கேட்டிருக்கும். "ஓகே இல்ல! வாங்க!"

வந்தார்கள். மூன்று பேரும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியே வந்தார்கள். சஃப்வான் சக்கரத்தைக் கழற்றினார், கிஷன் தண்ணீர் ஊற்றினான், மெஹ்ரின் ஒரு குச்சியால் மண்ணைத் தோண்டினாள்.

"காத்திருக்க வச்சிட்டேன்," என்றார் அமுதவள்ளி.

"அதுக்கென்ன ஆன்டி, எங்களுக்கு என்ன அவசரம்?" என்றார் சஃப்வான். "கூப்பிடவே தயங்கிட்டுத்தான் இருந்தோம். அன்னிக்கு நாப்பது நிமிஷம் நின்னோமே, அப்ப நீங்கதானே சொன்னீங்க? எனக்காக நிக்காதீங்க, எனக்குத் தனியா ஓட்டத்தான் பிடிக்கும்னு. சரி, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டோம்."

அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். கௌரவத்துக்குச் சொன்னது. வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, இவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பார்க்காமல், இரண்டு வாரம் டயரை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

"பிடிக்காது," என்றார்.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தனியா ஓட்டவும் பிடிக்காது, தனியா இருக்கவும் பிடிக்காது, தம்பி. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

மெஹ்ரின் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டு, இன்னொரு குச்சியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.