மல்லிகை கொன்றதா, ஸ்பிரிட் கொன்றதா?

போன சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கௌசி தடதடவென்று படியிறங்கி வந்தாள். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். திங்கட்கிழமை ப்ராஜெக்ட் வைவா.

“அண்ணாச்சி, இதப் பாத்தீகளா?”

போனில் ஒரு கண்ணாடித் தட்டின் படம். தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்த பாக்டீரியா. நடுவில், மல்லிகைப்பூ எண்ணெயில் நனைத்த பொட்டளவு காகிதம். அதைச் சுற்றி மட்டும் பளிச்சென்று ஒரு வட்டம் – அங்கே கிருமி வளரவில்லை!

பென்சைல் அசிட்டேட், லினலூல் என்று ஒரு பெரிய ரசாயனக் கூட்டணிதான் மல்லிகையாக மணக்கிறதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகையில் நான் எழுதும் இந்த வாரப் பத்திக்கு, ‘கிருமியைக் கொல்லும் மல்லிகை’ என்று அங்கேயே தலைப்பும் வைத்துவிட்டேன். எனக்கு எப்போதுமே அவசரம் கொஞ்சம் ஜாஸ்தி.

அப்போது தெருமுனையில் வேன் நின்றது. கௌசியின் அக்கா முத்துமாரி இறங்கி வந்தாள். அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் சம்பளத்தில்தான் தங்கை படிக்கிறாள். படத்தை உற்றுப் பார்த்தாள்.

“எண்ணெய அப்படியேவா வச்ச?”

“இல்லக்கா, ஸ்பிரிட்ல கலந்து…”

“ஸ்பிரிட்டே கிருமியக் கொல்லுமே! அப்ப பூவு என்ன செஞ்சுச்சு? எங்க கம்பெனில புது அயிட்டம்னா மொதல்ல வெறும் திரியத்தான் கொளுத்திப் பாப்பாக. நீ வெறும் ஸ்பிரிட்ட வச்சுப் பாத்தியா?”

பார்க்கவில்லை. கௌசியின் முகம் செத்துவிட்டது. நான் வைத்த தலைப்பும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி லேபுக்கு ஓடினாள். ஒரே தட்டில் மூன்று பொட்டு. ஒன்றில் வெறும் ஸ்பிரிட். மற்ற இரண்டில் அதே ஸ்பிரிட்டில் கலந்த மல்லிகை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும். கிராம்பும் பூமொட்டுதானே?

திங்கள் காலை ரிசல்ட். ஸ்பிரிட்டுக்கும் மல்லிகைக்கும் வட்டம் ஒரே அளவு! கிராம்புக்கு மட்டும் நல்ல அகலம்… அதிலிருக்கும் யூஜெனால் என்ற ரசாயனம் கெட்டிக்காரன். மணமும் வீரியமும் ஒன்றா என்ன? நாம்தான் மூக்கை நம்பிப் பாதி முடிவுகளை எடுத்துவிடுகிறோம் – மனிதர்கள் விஷயத்திலும்.

பழைய படத்தை அவள் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. வைவாவில் இரண்டையும் காட்டி, “மொத முடிவு தப்பு சார்” என்றாள்.

“யாரும்மா இதைக் கண்டுபிடிச்சது?”

“எங்க அக்கா. பட்டாசுக் கம்பெனில வேலை பாக்குறா.”

பேராசிரியர் இரண்டு படங்களையும் மறுபடி வாங்கிப் பார்த்தாராம். பிறகு, “பாஸ்! நன்றிப் பக்கத்துல என் பேருக்கு மேல அவங்க பேரைப் போடு” என்றாராம்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய முத்துமாரியிடம் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் அசரவே இல்லை.

“இனிஷியலோட போடச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்க கம்பெனில முத்துமாரி நாலு பேரு இருக்கோம்!”