மடிக்குக் கட்டிய பை

பிள்ளைகளா, இரண்டு பேரும் படியுங்கள். மகனே, "இது பொம்பளையாட்கள் காரியம்" என்று நீ இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடாதே. இந்தக் காரியத்தைக் கெடுத்ததே ஒரு ஆம்பளைதான். நேற்று போனில் உன் அக்கா, "பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப் போறேன்ப்பா, ஒரே நாள்ல நிறுத்திரலாம்னு பாக்கேன்" என்றாள். ஒரே நாள் என்றதும் எனக்குப் பகீரென்றது. ஆனால் அப்பன் மகளிடம் போனில் பேசுகிற பேச்சா இது? அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

மகளே, அப்போது உனக்கு ஒன்றே முக்கால் வயது. முன்வாயில் முளைத்த பல்லையெல்லாம் உன் அம்மாவிடம்தான் கடித்துப் பார்த்தாய். அந்த வருஷம் பருத்தி காலை வாரிவிட்டது. அம்மாவுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பேசியிருந்தோம். திங்கட்கிழமை காலையில் வேன் ஊர் முக்குக்கு வரும், ஏறிப் போக வேண்டும். அதற்குள் நீ பால்குடியை மறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடம்பூரிலிருந்து உங்கள் அத்தை வந்தாள்.

"ஏலே, பிள்ளைய நான் தூக்கிட்டுப் போறேன். தாய் மணம் அடிக்காம நாலு நாள் இருந்தா எல்லாம் மறந்துரும். போளிய பிச்சுப் பிச்சுக் குடுத்தா கேக்கவே கேக்காது."

அத்தை சொன்னது பலித்தது. நீ அங்கே போளியைத் தின்று நெய்க்கையை அவள் சேலையில் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறாய். நீ மறந்துவிட்டாய் என்றே நினைத்தோம். உன் அம்மாவின் உடம்பு மறக்கவில்லையே! அதை ஒருத்தருமே யோசிக்கவில்லை.

வெள்ளி சாயங்காலமே ஜாக்கெட் நனைந்துவிட்டது. சனிக்கிழமை விடிந்தபோது அவளால் கையை உயர்த்தித் தலை சீவ முடியவில்லை. "ரெண்டு பக்கமும் கல்லு வச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் பீச்சி விட்டா நல்லாருக்கும் போலருக்கு" என்றாள்.

"பீச்சினா இன்னும் ஊறும்ட்டி. சும்மா இரு" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஏன் தெரியாது? பிறந்ததிலிருந்து ஆட்டோடு இருக்கிறவன். குட்டியைப் பிரித்தால் தாயாட்டின் மடிக்குத் துணிப்பை கட்டுவோம். இரையைக் குறைப்போம், தண்ணியைக் குறைப்போம். மடி தானாக வற்றிவிடும். அதே கணக்குத்தான் என்று, பழைய வேட்டியை அகலமாகக் கிழித்து, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நானே இறுக்கிச் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டேன். அதோடு விட்டேனா? "தண்ணி குடிச்சா பால் ஊறும்" என்று குடத்தைத் தூக்கி வெளியே ஆட்டுக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தேன். பங்குனி வெயில். இதை எழுதும்போதே என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வைத்தியம் சொன்னது. ஒருத்தி வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவச் சொன்னாள். பிள்ளைதான் பக்கத்தில் இல்லையே, கசப்பு யாருக்கு? இன்னொருத்தி மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றாள். அது நாலு பேர் செய்கிற காரியம் என்பதால் பஸ் ஏறிக் கோவில்பட்டி போனேன். பூக்காரம்மா சரத்தை முழம் போடக் கையை நீட்டினாள்.

"கட்டின பூ வேண்டாம். உதிரியா குடுங்க."

"உதிரியாவா? என்ன விசேஷம் அண்ணாச்சி?"

பால் என்று சொல்ல வாய் வரவில்லை. "சாமிக்கு" என்றேன்.

"சாமிக்குன்னா மாலை வாங்குவாவ. உதிரியா வாங்கிட்டு இவ்வளவு அவசரமா போறீங்க! எந்தச் சாமி, வீட்ல இருக்கிற சாமியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பையை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

பூவை வைத்து, அதற்கு மேலே என் வேட்டித் துணியை மறுபடியும் இறுக்கினேன். பூ குளிர்ச்சியாகத்தான் இருந்தது என்றாள். வற்றியதா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கல்யாணப் பொண்ணு மாதிரி மணக்கேன். உடம்பெல்லாம் ரணமா இருக்கு. இந்தா பாருங்க, அந்தக் குடத்த உள்ள கொண்டாங்க" என்றாள். நான் கொண்டுவரவில்லை.

திங்கட்கிழமை வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. துணியை விலக்கிப் பார்த்தால், இடது பக்கம் ஒரு இடம் சிவந்து கட்டியாக நின்றது. சீழ் வைத்துவிட்டால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவளைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா முடிச்சை அவிழ்த்தாள். வாடிய மல்லிகை பொலபொலவென்று தரையில் விழுந்தது.

"யாரு இப்படிக் கட்டினது?"

"நான்தான்."

"ஆடு வளக்கீங்களோ?"

"ஆமா."

"நெனச்சேன். தண்ணி குடுத்தீங்களா?"

அதற்கு உன் அம்மா படுத்தபடியே சொன்னாள்: "அவிய ஆட்டுக்கும் ரெண்டு காம்பு, எனக்கும் ரெண்டு. அதான் ஒண்ணுன்னு நெனச்சிட்டாவ."

நர்ஸம்மா சிரித்தாள். பிறகு என்னை நிற்க வைத்துத் திட்டினாள். இறுக்கிக் கட்டக்கூடாது, தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஜாக்கெட் போட்டால் போதும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போடலாம். விண்ணென்று தெறித்தால், விறைப்பு அடங்குகிற அளவுக்கு மட்டும் பீச்சி விடலாம். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். காய்ச்சலும் சிவப்பும் வந்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் வந்துவிட வேண்டும். "பிள்ளைய இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. குடிச்சாத்தான் பால்கட்டு கரையும், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. குணமானப்புறம் ஒவ்வொரு வேளையா குறைங்க. வெடுக்குனு நிறுத்தினா உடம்புக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் மாத்திரை எழுதினார். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நான் நேரே கடம்பூருக்குப் போனேன். "மறந்த பிள்ளைக்குத் திரும்ப நெனப்பு காட்டப் போறியாக்கும், கிறுக்குப் பயலே" என்று அத்தை ஏசினாள். நீ எதையும் மறந்திருக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கியதும் நேரே அம்மா மடிக்குத்தான் ஓடினாய். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் அழுதபடியே தூங்கிவிட்டாள். நாலைந்து நாளில் கட்டி கரைந்தது. முதலில் பகல் பாலை விட்டு, பிறகு ராத்திரிப் பாலை விட்டு, முழுக்க நிறுத்த ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகுதான் வேனில் ஏறினாள்.

உன்னைத் தூக்கிவந்த அன்று மத்தியானம் நீயும் அம்மாவும் தூங்கியதும், குடத்தை எடுக்கக் கொட்டிலுக்குப் போனேன். ஒரு வாரம் முந்திக் குட்டியைப் பிரித்த வெள்ளாடு காலை அகட்டிக்கொண்டு நின்றது. மடியில் நான் கட்டிய பை. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு காம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரிசல் மண்ணில் பீச்சி விட்டேன். ஆடு உதைக்கவில்லை. குடத்தைச் சாய்த்து அதற்கு ஒரு சட்டி தண்ணீர் ஊற்றினேன். அது குடித்து முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மிச்சத்தோடு குடத்தை உள்ளே கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைத்தேன்.