சாயத்தில் ஊறிய கட்டைவிரல்

கையில் வெட்டுப்பட்டால் அதைச் சாயத்தில் ஊறவைப்பதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிற வேறு சில வீடுகளிலும் அப்படித்தான். அப்பா காலத்தில் அண்டாவில் மஞ்சளும் கடுக்காயும் அரக்கும் கொதித்தன, புண்ணும் ஆறியது. பிறகு தகர டப்பாவில் ரசாயனச் சாயப் பொடி வந்தது. பொடி மாறியதே தவிர வைத்தியம் மாறவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது, பின்கட்டுப் பட்டறையில் அண்ணன் வலது கட்டைவிரலைக் கிண்ணத்துச் சாயத்தில் முக்கியபடி உட்கார்ந்திருந்தான். விறகு பிளக்கும்போது வெட்டிக்கொண்டானாம். மாசமாக இருந்த அண்ணி பக்கத்து அண்டாவில், கோலில் மாட்டிய பட்டு நூலைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முகூர்த்த மாதம், இருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல், விரலை எடு என்றேன். ஏன் என்றான்.

ஆய்வுக்கூடத்தில் நான் செய்துகொண்டிருந்த வேலையே அந்த ஏனுக்குப் பதில்தான். உயிரணுக்களை வளர்ச்சியின் ஒரே கட்டத்தில் நிறுத்திவைத்து, பிறகு ஒன்றாக வளரவிட்டு, வெவ்வேறு நேரத்தில் ஒரே அளவு நஞ்சைக் கொடுப்போம். சும்மா இருக்கிற உயிரணு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பழுதைச் சரிசெய்ய அதற்கு அவகாசம் உண்டு. இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் மரபுப் பொருளைப் படியெடுக்கும் நேரத்தில்தான் வசமாக மாட்டிக்கொள்ளும். அப்போது விழும் பிழை அதிலிருந்து பிறக்கிற எல்லாவற்றுக்கும் போகும். புற்றுக்கு அது தொடக்கமாகலாம். ஆறுகிற புண்ணில் உயிரணுக்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும், அங்கே போய் நஞ்சை ஊற்றுகிறாயே என்றேன்.

இந்தப் பொடியில் அந்த நஞ்சு இருக்கிறதா என்று கேட்டான். திட்டமாகத் தெரியாது, இந்த வகைப் பொடிகள் சிலவற்றில் உண்டு என்றேன். தெரியாததற்கா இத்தனை கூச்சல் என்று சிரித்தான். முழுக் கையும் தினம் சாயத்தில்தானே கிடக்கிறது, அதற்கு என்ன சொல்கிறாய் என்றான். புண்ணில்லாத தோலுக்கு ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றேன். படித்தவர்கள் எதையும் முழுசாகச் சொல்வதில்லை என்று அலுத்துக்கொண்டானே தவிர விரலை எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணி கோலை நிறுத்தினாள்.

"ஏம்மா, வளர்ந்துக்கினு இருக்கிற எடத்துலதான் அது பிடிக்கும்னு சொன்னியே. அப்போ இதுக்கு?" என்று வயிற்றின் மேல் கையை வைத்தாள். கை மணிக்கட்டு வரை சிவந்திருந்தது.

வந்ததிலிருந்து நான் விரலைப் பற்றியேதான் கத்திக்கொண்டிருந்தேன். புண்ணைவிட அங்கேதான் வேகமாக வளர்கிறது அண்ணி என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை.

அண்ணன் எழுந்தான். விரலிலிருந்து சொட்டிய சாயத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்த கோலை வாங்கினான்.

"நீ உள்ள போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

அந்த முகூர்த்த மாதம் முழுக்க அண்ணி பட்டறைக்கு வரவில்லை. நூலை அவன் ஒருவனே திருப்பினான், வெட்டுப்பட்ட அந்தக் கையாலேயே.