மைத்துனன் தலையும் அணைச் சரிவும்

மைத்துனனின் மண்டையில் நடுவிரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார் மேஸ்திரி. மறுபடி தட்டினார். மறுபடியும்.

"என்ன மாமா, இன்னிக்கு இத்தனை தட்டு? நான் பல்லு வெளக்கணும்."

"ஒண்ணுமில்ல மாப்ளே. உள்ள காலிதான். போ."

மேஸ்திரிக்குத் தொழிலே தட்டிக் கேட்பதுதான். அணையின் உபரிநீர் இறங்கும் கான்கிரீட் சரிவு பழுதாகிக் கிடக்கிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே மேல்தோல் விட்டுப் பிரிந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் கெட்டியான இடம் 'டிங்' என்னும், பிரிந்த இடம் 'டொப்' என்னும். 'டொப்' கேட்ட இடத்தில் அவர் சாக்பீஸால் வட்டம் போடுவார், ஆட்கள் அதை உடைத்துப் புதுக் கலவை போடுவார்கள். ஒரு இடம் விட்டுப்போனாலும் பாய்ந்து வரும் தண்ணீர் அதில் பிடித்து மொத்தச் சரிவையும் உரித்துவிடும். கீழே ஊர். அதில் முதல் வீடு மேஸ்திரியுடையது. அதன் மாடியில் குடியிருந்துகொண்டு அணையில் பம்பு ஓட்டுகிற எனக்கும் இதில் அக்கறை உண்டு.

வீட்டிலும் மனுஷன் கை சும்மா இருக்காது. கதவு, தரை, தர்பூசணி எல்லாம் தட்டு வாங்கும். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முதல்முறை விருந்துக்குப் போனவர், சம்பந்தியின் படுக்கையறைச் சுவரில் வட்டம் போட்டுவிட்டு வந்தார்.

காலை நேரத்து மண்டைத் தட்டல், 'டொப்' சத்தத்துக்குக் காதைப் பதப்படுத்திக்கொள்ள. "என் தம்பி தலைதான் கெடைச்சுதா?" என்று மனைவி எரிந்து விழுவார்.

"இவ்வளவு சுத்தமான காலிக்கு நான் வேற எங்க போவேன்?"

"உங்க தலையவே தட்டிக்கறது!"

"இதுவா? பாறை. இதுல என்னத்தக் கேக்க?"

மைத்துனன் கோபித்துக்கொண்டதே இல்லை. ஜலதோஷம் பிடித்தால் தானே வந்து, "மாமா, இன்னிக்குச் சத்தம் மாறியிருக்கும், கணக்குல எடுத்துக்காதீங்க" என்பான்.

இன்று சரிவு முழுக்கத் தட்டியும் மேஸ்திரி ஒரு வட்டம்கூடப் போடவில்லை. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. என்ஜினீயருக்கு வாயெல்லாம் பல். "எல்லாம் கெட்டி! நாளைக்குத் தண்ணி விட்டுடலாமா மேஸ்திரி?"

மேஸ்திரி, கலவை குழைத்துக்கொண்டிருந்த மைத்துனனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் மண்டையில் தட்டினார். அவர் முகம் செத்துவிட்டது.

"கெட்டியா கேக்குது. காலைலயும் இப்படித்தான் கேட்டுச்சு."

"நெசமாவா மாமா?" மைத்துனனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க!"

ஒரே ராத்திரியில் மைத்துனன் அறிவாளியாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேஸ்திரியின் காது கெட்டிருக்க வேண்டும். முதலாவதை நம்ப அங்கே ஆள் இல்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கீழே எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"தண்ணி விடாதீங்க சார். என் காது போச்சு. இன்னிக்கு நான் தட்டினது எதுவும் செல்லாது." சுத்தியலை மைத்துனன் கையில் திணித்தார். "நீ தட்டு மாப்ளே. மொதல்லேர்ந்து."

"காலின்னா எப்படிக் கேக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் தலைய மட்டும்தானே குடுத்தேன்?"

 மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, சரிவில் மண்டியிட்டு, அவன் தட்ட வாகாகத் தலையைக் குனித்தார்.