ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி எப்படி இருந்தது

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குள் நூற்று நாற்பது பேர் எழுதிவிட்டார்கள். ரசிகர்கள் கூடிப் பேசுவதற்கென்று போனில் ஒரு குழு உண்டு. வழக்கமாக ஒரு கச்சேரி முடிந்தால் இருபது பேர் 'அருமை' என்பார்கள், ஒருவர் தொலைந்துபோன குடையைத் தேடுவார், அதோடு சரி. இந்த முறை அடிதடி.

"பத்து வருஷமா கேக்குற பாட்டு. நேத்துதான் ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. அவன் மூச்சு இழுக்குறது கூட கேட்டுச்சு. நின்ன எடத்துலயே அழுதுட்டேன்."

"அழுதது பாட்டுக்கா, வலிக்கா? தகரத்துல ஆணியால கீறுன மாதிரி இருந்துச்சு. மூணாவது பாட்டுலயே வெளிய வந்துட்டேன்."

"மெத்துனு கேக்கணும்னா வீட்ல போத்திட்டுப் படுத்துக் கேளுங்க. ராக்னா இப்படித்தான்."

"சவுண்ட் போட்டது யாரு? செவிடா?"

கடைசி வரிக்கு அறுபது பேர் சிரித்திருந்தார்கள். சவுண்ட் போட்டவள் அதைப் படித்துவிட்டு, கேபிள் ஒட்டிக்கொண்டிருந்த சூடான பற்றவைப்புக் கோலைத் தாங்கியில் வைக்க மறந்து மேசைமேலேயே வைத்தாள். மேசையின் பூச்சு கருகி வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள்.

வாடகைக்கு ஒலிபெருக்கி விடும் கடையில் அவளுக்கு வேலை. அறுந்த கேபிளை ஒட்டுவது, உயிர்விட்ட மைக்கைப் பிரித்து உயிர் கொடுப்பது, ஸ்பீக்கரின் கிழிந்த காகிதத்தை மாற்றுவது. வயது நாற்பத்தாறு. அது வாரத்தில் ஆறு நாள் வேலை. ஆனால் யாராவது 'நீங்க என்ன பண்றீங்க?' என்று கேட்டால், தம்பியின் ராக் குழுவுக்கு சவுண்ட் என்றுதான் சொல்வாள். குழுவுக்குப் பின்னால் எந்த இசைக் கம்பெனியும் இல்லை. அவர்களே பாட்டு எழுதி, அவர்களே வண்டி பிடித்து, அவர்களே மேடை கட்டும் நான்கு பேர் குழு. தம்பி பாடுகிறவன். பதினோரு வருடமாக ஒரு கச்சேரிகூட அவள் இல்லாமல் நடந்ததில்லை. அரங்கின் கடைசியில் கிசுகிசுத்தாலும் திரும்பிப் பார்ப்பாள் என்பதால், டிரம்ஸ் அடிப்பவன் அவளுக்கு 'பாம்புக்காது' என்று பெயர் வைத்தான். மற்றவர்களுக்கும் அவள் பாம்புக்காது அக்காதான்.

அந்தக் காது போய்விட்டது. எட்டு மாதத்துக்கு முன் காது டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்து, பாதியில் மாடிப்படியிலிருந்து தவறி விழுந்த மாதிரி சரிந்திருந்தது. "தாழ்ந்த சத்தமெல்லாம் நல்லாக் கேக்கும். கீச்சுச் சத்தம்தான் போச்சு. போனது போனதுதான். இனி சத்தத்துல நிக்காதீங்க, காதுல கருவி மாட்டிக்குங்க" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமையே சத்தத்தில் நின்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் அவன் 'நீ இருக்கேங்கிற தைரியத்துலதான்கா மேல ஏறுறேன்' என்ற தன் பழைய பல்லவியை முந்திக்கொண்டு பாடிவிட்டான். அதன்பின் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தையை அவளே கண்டுபிடித்தாள். ஒலியின் உயரத்தைக் கோடுகளாகக் காட்டும் லேப்டாப் ஒன்றை, எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து அளவு வைக்கும் மிக்சருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். காதுக்குத் தெரியாததைக் கண் பார்த்துச் சொன்னது. பழைய கச்சேரிகளில் கோடு எப்படி இருந்ததோ அப்படியே இப்போதும் வைத்தாள். எட்டு மாதம் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் படுத்துவிட்டது.

கச்சேரி நடந்தது ஒரு பழைய அச்சகத்தில். இயந்திரங்களை எடுத்துவிட்டு அரங்காக்கியிருந்தார்கள். நாலு மணி வெயில் கூரைக் கண்ணாடி வழியாக இறங்கியது. முந்நூறு பேர். முதல் பாட்டு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது திரை கறுத்தது, பிறகு எதற்கும் அசையவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் நின்றாள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மேடையிலிருந்து தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவளும் உயர்த்தினாள்.

தம்பியின் பாட்டில் எழுத்துகள் உதிர்ந்து வந்தன. 'வாசல்' என்பது 'வா... அல்' என்று கேட்டது. ச எங்கே, ஸ எங்கே என்று, கீச்சுச் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளை மேலே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு தம்பியின் குரல் முழுசாகக் கேட்கிறது! முன்வரிசையில் சிலர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். பாட்டில் மூழ்கிவிட்டார்கள் என்று நினைத்தாள். காதைப் பொத்துகிறார்கள் என்று தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை மதியம் தம்பி கூப்பிட்டான். போனில் அவன் குரல் தாழ்ந்து, மூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"படிச்சியாக்கா? நம்மளப் பத்தி இவ்ளோ பேரு சண்டை போட்டதே இல்ல! இசைவிழா நடத்துறவங்க இதப் படிச்சுட்டு எனக்குப் போன் பண்ணாங்க. மூணு வாரத்துல விழா, நம்மளையும் மேடை ஏத்துறாங்களாம். அவங்களுக்கு அந்த சத்தம்தான் வேணுமாம். நீ நேத்து என்ன பண்ணியோ, அத அப்படியே பண்ணிடுக்கா."

"பாதிப் பேரு திட்டியிருக்காங்கடா."

"திட்டட்டுமே. மீதிப் பேரு அழுதிருக்காங்கல்ல?"

என்ன பண்ணினாள் என்பது அவளுக்கே தெரியாது. அதை யாரிடம் போய்க் கேட்பது? கருத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மற்றவர்களின் காதுகளை இரவல் வாங்கித் தன் கச்சேரியைக் கேட்கப் பார்த்தாள். 'கண்ணாடித் துண்டு மாதிரி' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அது பாராட்டா, வசவா? 'நடுவுல நின்னவங்களுக்குச் சொர்க்கம், இடது பக்கம் நரகம்' என்று இன்னொருவர். 'எல்லாம் பொய், இடது பக்கம்தான் நல்லா இருந்துச்சு' என்று அதற்குக் கீழே வேறொருவர். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மிக்சரின் குமிழ்கள் எந்த நிலையில் இருந்தன என்று நினைவுபடுத்தி ஒரு காகிதத்தில் வரைந்தாள். வரைந்ததை நம்ப முடியாமல் கிழித்தாள்.

கடைசியில் வீட்டுக்காரரைப் பிடித்துக் கடைக்கு இழுத்துவந்தாள். அவர் பல் கட்டுகிறவர். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பொய்ப்பல் செய்பவர். இசை விஷயத்தில் ஞானசூனியம் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஸ்பீக்கர் முன் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, தம்பியின் பழைய பாட்டை ஓடவிட்டு, தனக்கு வார்த்தை தெளிவாகக் கேட்கும்வரை ட்ரெபிளை ஏற்றினாள்.

"எப்படிங்க இருக்கு?"

அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். "பல்லு கூசுது."

"வெளையாடாதீங்க."

"எனக்குத் தெரிஞ்ச பாஷைல சொல்றேன். நரம்பு வெளிய தெரியுற பல்லுல பச்சத்தண்ணி பட்டா எப்படி இருக்கும்? அப்படி." பிறகு எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். "ஒண்ணு கேக்கட்டுமா? வீட்ல வாஷிங் மெஷின் முடிஞ்சுதுன்னு கீ கீன்னு கத்தும்ல. ரொம்ப நாளா நாந்தான் போய் நிறுத்துறேன். நீ வேணும்னே விடுறேன்னு நெனச்சேன். உனக்கு அது கேக்குதா?"

அவள் ட்ரெபிளைக் கீழே இறக்கினாள். அவர் மேலே கேட்கவில்லை. பாட்டை அணைத்தது அவர்தான்.

புதன்கிழமை ரசிகர்களின் போன் குழுவில் ஒருவன் எழுதினான். கோபமாகக்கூட எழுதவில்லை. 'மூணு நாளாச்சு. ரெண்டு காதுலயும் விசில் சத்தம் நிக்கல. எனக்கு மட்டுமா, வேற யாருக்காவது இருக்கா?' கீழே உடனே ஒரு ரசிகை, 'அதுதான் நல்ல கச்சேரிக்கு அடையாளம்!' என்று இதயம் போட்டிருந்தாள். அதற்கு அவன், 'போன்ல பேசுறதுதான் எனக்கு வேலை. ரெண்டு நாளா வீட்ல இருக்கேன்' என்று எழுதியிருந்தான்.

அவள் அதை மறுபடியும் படித்தாள். தன் காது தன்னோடு போகிறது என்று எட்டு மாதமாகத் தன்னையே சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். வியாழக்கிழமை அவனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, முகவரி கேட்டு, கடையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள்.

நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. அவனுக்கு முப்பது வயது இருக்கும். சுவரில் குழுவின் பழைய சுவரொட்டிகள் மூன்று. விசில் தெரியாமல் இருப்பதற்காக மின்விசிறியை முழுவேகத்தில் வைத்திருந்தான். அவள் யாரென்று தெரிந்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தான்.

"ஐயோ, நீங்களா? நீங்க எதுக்குங்க வந்தீங்க? நான் குறையா எழுதலையே."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கொறையலாம்னாரு. கொறையாமலும் போகலாம்னாரு." சிரிக்கப் பார்த்தான். "தப்பு எம்மேலதாங்க. ஸ்பீக்கர் முன்னாடி நின்னுட்டேன். வலிச்சுது. போயிருக்கலாம். ஆனா அந்தக் கடைசிப் பாட்டு இருக்குல்ல, அதக் கேக்காம எப்படிப் போறது?" பிறகு கேட்டான். "உங்களுக்கு அங்க நிக்கும்போது வலிக்கலையா?"

"எனக்குக் கேக்கல" என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"காதே கேக்கல தம்பி. எட்டு மாசமா. கீச்சுச் சத்தம் எதுவும் கேக்காது. இந்தா, இப்ப நீங்க பேசுறதுலயே பாதிய வாயைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். அது தெரிஞ்சும் மிக்சர்ல கை வெச்சேன்."

சொல்லி முடித்ததும், இதை முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஆள் இவன் இல்லை என்று உறைத்தது. அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றான். ஏதோ சொன்னான். மின்விசிறிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'என்ன சொன்னீங்க?' என்று கேட்கத் துணிவில்லை. படியிறங்கி வந்துவிட்டாள். என்ன சொல்லியிருப்பான் என்று அதன்பின் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள்.

அங்கிருந்து நேராகப் பயிற்சி அறைக்குப் போனாள். தம்பி தனியாக உட்கார்ந்து கிடாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தான். தன் காது போனதையும் நான்காவது மாடிக்காரனின் விசிலையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் சிரித்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"எட்டு மாசமா? அப்போ நான் பாடுறது உனக்கு எப்படித்தான் கேக்குது?"

"நெனவுல இருந்து எடுத்துக்குவேன்."

"ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சும் 'எப்படிக்கா இருந்துச்சு'ன்னு கேப்பேன்ல? நீயும் 'நல்லா இருந்துச்சுடா'ன்னு சொல்லுவியே?"

அவள் அவன் பக்கத்தில் உட்காரப் போனாள், அவன் கிடாரை நடுவில் வைத்தான்.

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் நிப்பேன், தெரியுமா? ஊரு ஆயிரம் சொல்லட்டும், அக்கா சொன்னாப் போதும்னு." தந்தியைச் சுருட்டிக் கீழே எறிந்தான். "ஒருத்தன் காதையும் கெடுத்தாச்சு. விழாவுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

"டேய்..."

"போக்கா."

விழாவுக்கு வேறு ஒருவர் சவுண்ட் போட்டார். அவள் போகவில்லை. மறுநாள் ரசிகர்களின் போன் குழுவில் மறுபடியும் அடிதடி. 'சத்தம் சுத்தமா, அளவா இருந்துச்சு. இப்பத்தான் உருப்பட்டாங்க' என்றது ஒரு கட்சி. 'உப்புச்சப்பு இல்ல. அச்சகத்துல போட்ட அந்த ஆளக் கூட்டிட்டு வாங்க' என்றது இன்னொரு கட்சி. 'செவிடா' என்று கேட்டவனே இந்த இரண்டாவது கட்சியில் இருந்தான். சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் போனை மூடினாள்.

போனில் பேசும் வேலையில் இருந்தவனுக்கு வலது காதில் விசில் நின்றது. இடது காதில் நிற்கவில்லை. கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அவனே செய்தி அனுப்பினான். மன்னித்தேன் என்றோ, மன்னிக்கவில்லை என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஐந்தாவது வாரம் வீட்டுக்காரர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கருவி மாட்டவைத்தார். அன்று சாயங்காலம் அவருடைய பின்னறையில், பொய்ப்பற்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த மேசைக்கு முன் உட்கார்ந்து, யாரோ ஒரு ரசிகர் அச்சகத்தில் பதிவுசெய்து போட்டிருந்த கச்சேரியை ஓடவிட்டாள். பாராட்டியவர்கள் சொன்னதும் அதில் இருந்தது. தம்பி மூச்சு இழுப்பது, உதடு பிரிவது, தந்தியில் விரல் நகர்வது எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்டன. 'வாசல்' வரும் வரியை அவன் பாடிய விதம் அவளுக்கே தெரியாது. அப்படி அவன் பாடி அவள் கேட்டதே இல்லை. ஆனால் அடுத்த ச வந்தபோது தோள் தானாகக் குறுகியது. இரண்டாவது பாட்டின் நடுவில் இரண்டு கருவியையும் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

தம்பிக்கு எழுதினாள். 'கச்சேரியக் கேட்டேன். ரெண்டாவது பாட்டுக்கு மேல முடியலடா.'

அரைமணி நேரம் கழித்து, ஐந்து வாரத்தில் முதல் முறையாக, அவனிடமிருந்து பதில் வந்தது.

'நானும் அந்தப் பதிவ அன்னைக்கே கேட்டேன். எனக்கும் முடியல. பாதிப் பேரு நல்லாருக்குன்னாங்க, நீ பண்ணது தப்பா இருக்காதுன்னு விட்டுட்டேன்.'

அவள் அதை வீட்டுக்காரரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "கூப்பிட்டுப் பேசேன்" என்றார். கருவி மேசையில் கிடந்ததால் அவள் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். போனை எடுத்தாள். கூப்பிட்டால் என்ன சொல்வான், சொல்வதில் எவ்வளவு கேட்கும் என்று தெரியாமல், அவன் பெயரைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.