நான்கு மணிக் காபி

டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை வந்தால் இப்போதும் எனக்கு ஒரு குற்றவாளியின் நினைப்பு வருகிறது. அந்த ஆண்டு நான் தேடிய குற்றவாளி, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள்.

பதினாறு வயதில் அவளுக்கு டைப் டூ சர்க்கரை. மாத்திரை, நடை, அளவுச் சாப்பாடு எல்லாம் இருந்தும், காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் எண் இறங்கவில்லை. இப்படியே போனால் இன்சுலின் ஊசிதான் என்றார் டாக்டரம்மா. பள்ளிக்கூடக் கழிப்பறையில் ஒளிந்து நின்று ஊசி போட்டுக்கொள்வதை நினைத்தே அவள் அழுதாள். எனக்கு அந்த அழுகையின் மேலும் சந்தேகம். எங்கோ தின்கிறாள்.

வெல்ல டப்பாவில் பென்சிலால் கோடு போட்டேன். துவைக்கப் போட்ட சீருடையை, அதிரசம் மணக்கிறதா என்று முகர்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் தெருவுக்குத் தெரு ஸ்வீட் ஸ்டால், யாரை நம்புவது? புத்தகப் பையைக் கவிழ்த்ததில் ஒரு காய்ந்த நெல்லிக்காய் உருண்டது.

"அதுல கைரேகை எடுத்துட்டீங்களாப்பா?" என்றாள், வாசலில் நின்று.

மன்னார்புரத்து கிளினிக்கில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டில் தேடியதையெல்லாம் ஒப்பித்தேன். டாக்டரம்மா கேட்டார்: "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்குறா?"

"டியூஷன் வேலையெல்லாம் முடிய பன்னெண்டு ஆயிடும்ங்க."

"எந்திரிக்கிறது?"

"நாலு மணி. விடியக்காலையில படிச்சாத்தானே மனசுல நிக்கும்? நானே காபி போட்டு எழுப்பிடுவேன். சர்க்கரை கிடையாதுங்க."

பெருமையாகவே சொன்னேன். என் அப்பா எனக்குச் செய்தது அது. எங்கள் தெருவில் பரீட்சைப் பிள்ளை உள்ள வீடு என்றால் நான்கு மணிக்கு விளக்கு எரியும்; எரியாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் விசாரிப்பார்.

டாக்டர் பேனாவை வைத்தார். "வீடு பூரா தேடினீங்களே சார், இதைப் பார்க்கலையா? வளர்ற புள்ளைக்கு நாலு மணி நேரத் தூக்கம் போதுமா? தூக்கம் கெட்டா இன்சுலின் சரியா வேலை செய்யாது. மாத்திரையை நிறுத்தாதீங்க, காபியை நிறுத்துங்க. பத்துக்குப் படுக்கட்டும், ஆறுக்கு எந்திரிக்கட்டும். ஒரு மாசம் பார்த்துட்டு ஊசியைப் பத்திப் பேசுவோம்."

மகள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அலாரத்தை நிறுத்தினேன். சந்தேகத்தை நிறுத்தப் பொத்தான் தெரியவில்லை. போர்வைக்குள் போன் பார்க்கிறாளோ? தினமும் அவள் அறைக் கதவருகே நின்று மூச்சை எண்ணினேன். இரண்டாம் வாரம் எண் கொஞ்சம் இறங்கியது. மிஷின் பழுதோ என்று புது பேட்டரி போட்டேன். மறுநாளும் இறங்கியே இருந்தது. ஊசிக்குக் கெடு இன்னும் இரண்டு வாரம்.

அன்று காலை பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"இன்னைக்கு ராத்திரி கதவுகிட்ட வந்து நிக்காதீங்கப்பா. நீங்க மூச்சு விடுற சத்தத்துல எனக்கு முழிப்பு வந்துடுது."