வெற்றிலைத் தட்டும் பிரெஞ்சு வகுப்பும்

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பு இந்த வருஷமும் நடக்க வேண்டுமென்றால் பத்துப் பிள்ளைகள் சேர வேண்டும். சேராவிட்டால் டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். என் மகளோ அந்த டீச்சர்மேல் உயிரையே வைத்திருந்தாள். வீட்டில் ரசம் கேட்பதுகூடப் பிரெஞ்சில்தான்.

டீச்சர் பெற்றோர் கூட்டத்துக்கு வாட்ஸ்அப்பில் அழைப்புப் போட்டார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டத்துக்கு வந்த கால்கள் இரண்டு. இரண்டும் என்னுடையவை.

"யாருக்குமே இஷ்டமில்லையாக்கா?" என்றார் டீச்சர், அழாத குறையாக.

"எழவுக்குத்தான் டீச்சர் கூப்புடாம வருவாங்க. மத்ததுக்கெல்லாம் தட்டு வெக்கணும்."

தையல் மிஷினை மூடிவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு டீச்சரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன்.

"பொண்ணுக்கு இன்னாடி விசேஷம், சொல்லவே இல்ல?" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள்.

"பிரெஞ்சுடி."

"அத படிச்சி இன்னா ஆவப்போவுது?"

டீச்சர் மேற்படிப்பு, வேலை என்று பொறுமையாக விளக்கினார். நான் குறுக்கே புகுந்தேன்: "ஒண்ணும் ஆவலன்னா நாளைக்கிப் புருசனத் திட்டவாவது ஆவும். அவனுக்குப் புரியாது." சிரித்தபடியே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

என் மகளோடு ஒன்பது பேர் ஆயிற்று. பத்தாவது, மணப்பட்டில் கடலுக்குப் போகிற ஒருவரின் மகள். அவர் மனைவியிடம் பஸ் ஸ்டாப்பிலேயே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன். அங்கேதான் சறுக்கியது.

"ஊருக்கெல்லாம் வெத்தல, எங்களுக்கு பஸ் ஸ்டாப்பா?" நாங்கள் தட்டோடு வாசலில் போய் நின்றபோது வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை அவர்.

"தப்புதாண்ணே." தட்டை இரு கையாலும் நீட்டினேன். வெற்றிலையை எடுத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தார்.

"கடைசியிலயா எம் பொண்ணு பேரு?"

"பத்து பேர்ல யாராவது ஒருத்தர் கடைசிதானேண்ணே?"

"அது வேற யாராவதா இருக்கட்டும். மொதல்ல போடு. இல்லன்னா வெத்தலய எடுத்துக்கினு போ தங்கச்சி."

டீச்சர் புதுப் படிவம் எடுத்தார். மறுபடி கையெழுத்து வாங்க நான் எட்டு வீட்டுப் படியையும் ஏறி இறங்கினேன். "இன்னாடி, ரெண்டாந்தாரமா பிரெஞ்சு?" என்று கேலி வேறு. கடைசி வரியில் என் மகளைப் போட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை, பிரெஞ்சிலும்.

முதல் வகுப்பன்று மணப்பட்டுக்காரர் கடலுக்குப் போகாமல் ஜன்னலோரம் வந்து நின்றிருந்தார். டீச்சர் வருகைப் பதிவைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டார். அவர் மகள் எழுந்திருப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது:

"வந்துட்டா டீச்சர்!"